குட்டி ஜப்பானும் மூணு குப்பைத் தொட்டியும்

தீபாவளி அன்னிக்கு வெடிக்கிற வெடியை விட, மறுநாள் காலைல வெடிக்கிற வெடிதாங்க எனக்குப் பயம்.

மறுநாள் யாரு வெடி போடுறான்னு கேப்பீங்க. யாரும் போடுறதில்ல. தானா வெடிக்கும்.

எங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி (நல்ல மனுசன், கல்யாணம் காதுகுத்துன்னா மொத ஆளா வந்து பந்தல்ல நிப்பாரு) இந்தத் தடவை தீபாவளிக்கு மறுநாள் வாசல், சந்து, பொறவாசல் எல்லாத்தையும் கூட்டி ஒரே குமியாக் குமிச்சாரு. வேப்பஞ்சருகு, பந்தியில சாப்பிட்ட வாழை இலை, பட்டாசுப் பேப்பர், சேவு பாக்கெட், புதுச் சட்டை வந்த அட்டைப் பெட்டி, தெர்மாகோல். அதுல இல்லாத சாமானே இல்ல. ஒரு குச்சியைக் கிழிச்சு மேல போட்டுட்டு உள்ள காபி குடிக்கப் போயிட்டாரு.

கொஞ்ச நேரந்தான். டமார்!

வெடிக்காமக் கிடந்த அணுகுண்டு ஒண்ணு சருகுக்கு அடியில இருந்துருக்கு. சாம்பலும் இலையும் எங்க மாடிக் கொடியில காயுற வேட்டி வரைக்கும் வந்துருச்சு. நல்லவேளை, தெருவுல பிள்ளைக யாரும் இல்ல.

ஓடிப் போய்ப் பாத்தா, அண்ணாச்சி டம்ளரோட வாசல்ல நின்னு சிரிக்காரு. "என்ன தம்பி, சிவகாசில பொறந்துட்டு இதுக்கெல்லாம் பயந்தா எப்பிடி?"ங்காரு.

எனக்கு வந்த எரிச்சல்ல அன்னிக்கே எழுதியிருக்கணும். கொஞ்சம் ஆறட்டும்னு விட்டுட்டேன். ஆறல. அதான் எழுதுறேன்.

சிவகாசில பொறந்ததாலதாங்க பயப்படணும். எதை எதோட சேக்கக்கூடாதுன்னு இந்த ஊருக்குத் தெரிஞ்ச மாதிரி வேற எந்த ஊருக்குத் தெரியும்? பட்டாசு ஆலையில மருந்து கலக்குற அறை தனி, செலுத்துற அறை தனி, திரி வைக்கிறது தனி, காய வைக்கிற மேடை தனி. ஒரு அறையில இத்தனை பேருக்கு மேல இருக்கக்கூடாது, இம்புட்டு மருந்துக்கு மேல வைக்கக்கூடாதுன்னு கணக்கு இருக்கு. கந்தகத்தையும் குளோரேட்டையும் சேத்துக் கலக்குற பட்டாசுக்கு 1992லயே மத்திய அரசு தடை போட்டுருச்சு. இந்த விதியையெல்லாம் மீறுறப்போ என்ன நடக்கும்ங்கறதை நான் சொல்ல வேண்டாம். சாத்தூர்ப் பக்கமோ வெம்பக்கோட்டைப் பக்கமோ ஒரு புகை எந்திரிச்சா, ஊரே போனை எடுத்துச் சொந்தக்காரங்களைத் தேடும்.

அட, தீப்பெட்டியையே எடுத்துக்கோங்க. அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துட்டு வந்து 1923ல இங்க தொடங்கினதாச் சொல்றோமே, அந்தத் தீப்பெட்டி. குச்சித் தலையில குளோரேட் இருக்கு. பெட்டிப் பக்கத்துல சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கு. ரெண்டும் தனித்தனியா இருக்கிற வரைக்கும் சட்டைப் பையில வச்சுட்டு பஸ்ல தூங்கிட்டே போகலாம். ரெண்டையும் பிரிச்சு வச்சதாலதான் அது பத்திரமான தீப்பெட்டி.

பிரிச்சு வச்சே நூறு வருசமாச் சோறு திங்கிற ஊரு, வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு முடிச்சுப் போடுது. ஏங்க?

இன்னொண்ணும் இருக்கு. நமக்கு 'குட்டி ஜப்பான்'னு ஒரு பட்டம் உண்டு. நேரு வச்ச பேருன்னு ஊர்ல எல்லாரும் பெருமையாச் சொல்லுவாங்க. நெசமான ஜப்பான்ல, ஷிகோகு தீவுல, கமிகாட்சுன்னு மலைக்குள்ள ஒரு சின்ன ஊரு இருக்கு. 1,500 பேரு கூடக் கிடையாது. அந்த ஊர்ல குப்பையை எத்தனையாப் பிரிக்காங்க தெரியுமா?

40க்கு மேல.

நாப்பதுக்கும் மேல வகை! குப்பை வண்டியே கிடையாது. ஜனங்களே வீட்ல கழுவிக் காயவச்சு, மையத்துக்குக் கொண்டு போய், அந்தந்தப் பெட்டியில போடணும். ஒவ்வொரு பெட்டி மேலயும் இந்தச் சாமான் எங்க போகுது, இதுனால ஊருக்கு வரவா செலவான்னு எழுதி வச்சிருக்காங்க. 2003ல 'குப்பையில்லா ஊர்'னு தீர்மானம் போட்டாங்க. இப்போ அவங்க குப்பையில 80 சதவீதம் போல மறுசுழற்சிக்குப் போயிருது. அடுப்படிக் குப்பை அந்த மையத்துக்கே போகாது. வீட்லயே உரமாக்கிடணும்.

நம்ம கிட்ட அரசாங்கம் 2016ல கேட்டது மூணே மூணு. அந்த வருசம் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள்ல மக்குறது தனி, மக்காதது தனி, வீட்ல இருக்கிற அபாயகரமான கழிவு தனின்னு போட்டிருந்துச்சு. அதுல பலபேருக்குத் தெரியாத ரெண்டு விசயம் இருந்துச்சு. ஒண்ணு, தோட்டத்துக் குப்பையை (சருகு, வெட்டுன கிளை, புல்லு) மத்ததோட சேக்காம உங்க எடத்துலயே தனியா வச்சு, நகராட்சியோ மாநகராட்சியோ சொல்ற மாதிரி அப்புறப்படுத்தணும். ரெண்டாவது, தெருவுலயோ பொது எடத்துலயோ குப்பையைக் கொட்டவும் கூடாது, எரிக்கவும் கூடாது, பொதைக்கவும் கூடாது.

அண்ணாச்சி கிட்ட இதைச் சொன்னேன். "அது சென்னைக்காரனுக்கு தம்பி"ன்னாரு. சிவகாசியும் திருத்தங்கலும் சேந்து 2021ல மாநகராட்சியே ஆயிருச்சு, இன்னும் நமக்கு இல்லைங்காரு. சரி விடுங்க.

எங்க வீட்டு அடுப்படிக்கு வருவோம்.

மக்குறதுக்கு ஒரு பச்சை வாளி, மக்காததுக்கு ஒரு வாளின்னு வச்சேன். மொத எதிர்ப்பு எங்கம்மா. "எதுக்குடா ரெண்டு வாளி? குப்பையில என்னடா சாதி பாக்குறது?"ன்னு கேட்டுச்சு. ஆனா பாருங்க, எங்கம்மா பொறந்த வீட்ல வாளியே கிடையாது. பொறவாசல்ல குப்பைக் கெடங்கு இருந்துச்சு. சாம்பல், சாணி, சருகு, காய்த்தோல் எல்லாம் அதுக்குள்ள போகும். வருசத்துக்கு ஒருக்கா, மழைக்கு முன்னாடி, வண்டி கட்டிக் கரிசக்காட்டுக்கு அள்ளிட்டுப் போவாங்க. பிரிக்கிற பேச்சே வரல. பிரிக்கிறதுக்கு என்ன இருந்துச்சு? எல்லாமே மக்குற சாமான். பாட்டில் கிடைச்சா கழுவி எண்ணெய் ஊத்தி வைப்பாங்க. ஓட்டைப் பாத்திரம் பேரீச்சம்பழக்காரன் கிட்டப் போயிரும்.

அதே கெடங்குல இன்னிக்குப் பால் கவரும் டயாப்பரும் கிடக்கு. கெடங்கு மாறல, அதுக்குள்ள போடுற சாமான்தான் மாறிருச்சு. இதை எங்கம்மா கிட்டச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அப்பம் அந்தப் பச்சை வாளியை இங்கிட்டு வை, எனக்குக் குனிய முடியல"ன்னுச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டுக் குப்பை இன்ஸ்பெக்டர் எங்கம்மாதான். ஒரு நா என் மகன் சாக்லேட் பேப்பரைப் பச்சை வாளியில போட்டதுக்கு அவன் வாங்குன வசவை இங்க எழுத முடியாது.

ஈரத்தையும் உலந்ததையும் ஏன் பிரிக்கணும்? சுற்றுச்சூழல் பாடமெல்லாம் வேண்டாம், காசுக் கணக்கே சொல்றேன். நான் ஆப்செட் பிரஸ்ல வேலை பாக்குறவன். எங்களுக்குப் பேப்பர்னா உயிரு. கட்டிங் மிசின்ல விழுகுற ஓரத்துண்டைக் கூட வீணாக்க மாட்டோம். மூட்டை கட்டி எடைக்குப் போயிரும். வெள்ளைத் துண்டுக்கு ஒரு விலை, கலர் அச்சான துண்டுக்கு ஒரு விலை. ஆனா அந்த மூட்டையில ஒரு டம்ளர் சாம்பார் கொட்டட்டும், அம்புட்டுதான். எடைக்கடைக்காரர் மூக்கைப் பொத்திட்டு, 'எடுத்துட்டுப் போங்க'ம்பாரு. ஈரம் பட்ட பேப்பர் பூசணம் பிடிக்கும், நாறும், மில்லுல எடுக்க மாட்டான். ஒரு வாழைப்பழத் தோலு ஒரு மூட்டைப் பேப்பரைக் கெடுத்துரும்.

பேப்பர்னு சொன்னதும் ஒரு கிளைக்கதை. சிவகாசில அச்சடிக்கிற நோட்டு எங்கயோ ஒரு பிள்ளை கையில போய்ச் சேருது. அது எழுதி முடிச்சதும் எடைக்கடைக்கு வருது. அங்கிருந்து சில கட்டு திரும்ப நம்ம ஊருக்கே வந்து வெடிக்குச் சுத்துற தாளாகுது. வெடிச்ச பேப்பரைப் பொறுக்கிப் பாத்திருக்கீங்களா? சின்ன வயசுல எனக்கு அதான் பொழுதுபோக்கு. ஒண்ணுல கணக்கு வீட்டுப்பாடம், சிவப்பு மையில டிக்கு. ஒண்ணுல என்ன பாசைன்னே தெரியாத செய்தித்தாள். கணக்கு நோட்டு கடைசியில வெடிச்சுச் செதர்றது, கணக்கு வராத பிள்ளைகளுக்கு ஒரு ஆறுதல்தான்.

ஆனா ஒண்ணு. வெடிச்ச அந்தப் பேப்பரைப் பழைய பேப்பரோட சேக்காதீங்க. உரக்குழியிலயும் போடாதீங்க. பாக்கத்தான் பேப்பரு. அதுல ஒட்டியிருக்கிறது கந்தகம், அலுமினியத் தூளு, செவப்புக் கலருக்குப் போட்ட ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் போட்ட பேரியம். (பேரியம் கலந்த பட்டாசுக்கு 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் தடை போட்டுருச்சு. பழைய சரக்கு யார் வீட்டுப் பரண்ல கிடக்கோ யாரு கண்டா.) அதைக் கத்திரிக்காச் செடிக்கு உரமாப் போட்டு நாமளே திங்கணுமா? சென்னையில தீபாவளி முடிஞ்சதும் பட்டாசுக் குப்பையை மட்டும் தனியா அள்ளி, கும்மிடிப்பூண்டில இருக்கிற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புறாங்க. பட்டாசு செய்யாத ஊருக்கே அம்புட்டு அக்கறை.

பேப்பர்லயே போலிப் பேப்பரும் உண்டு. பேப்பர் கப்பு பேருதான் பேப்பரு. உள்ள வழவழன்னு பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல வந்த தடைப் பட்டியல்லயே அது இருக்கு, ஆனா டீக்கடையில இன்னும் கொடுக்கான். லேமினேசன் போட்ட பத்திரிகை, ஜிகினா ஒட்டுன பத்திரிகை (இந்தப் பாவத்துல எங்க பிரஸ்ஸுக்கும் பங்குண்டு) எடைக்குப் போகாது. கிழிச்சுப் பாருங்க. நாரு நாராக் கிழிஞ்சா பேப்பரு. ஓரத்துல ஒரு மெல்லிசுத் தோலு இழுத்துட்டு வந்துச்சுன்னா அது பிளாஸ்டிக்கோட கல்யாணம் ஆனது, பிரிக்க முடியாது.

அப்புறம் தினசரிக் காலண்டர். உலகத் தமிழர் வீட்டுச் செவுத்துல தொங்குற காலண்டர்ல முக்கால்வாசி நம்ம ஊருச் சரக்குத்தான்னு நாங்க பீத்திக்குவோம். வருசக் கடைசியில அதை என்ன செய்றது? மேல இருக்கிற தகரப் பட்டையைக் கழட்டினா இரும்போட போகும். மிச்சத் தாளைப் பேப்பரோட போடலாம். அட்டை தனி. ஆனா அதுல முருகன் சிரிச்சுட்டு இருக்காரே! யாருக்கு மனசு வரும்? கொண்டு போய் அரச மரத்தடியில சாத்தி வச்சுட்டு வந்துருவோம். எங்க தெரு முக்கு மரத்தடியில ஜனவரி மாசம் பாத்தா, பல வருசத்து முருகன், லட்சுமி, பிள்ளையார்னு ஒரு பெரிய கூட்டமே மழையில நனைஞ்சு கிடக்கும். சாமியை மழையில நனைய விடுறதை விட, மறுபடி தாளாப் பொறக்க விடுறது மரியாதைன்னு நான் நினைக்கேன். எங்கம்மாவுக்கு இதுல உடன்பாடு இல்ல. ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கோம்: சாமி படத்தை மட்டும் வெட்டி எங்கம்மா எடுத்துக்கும். அட்டையும் தாளும் தகரமும் எனக்கு. வெட்டுன படமெல்லாம் பீரோவுக்கு மேல கட்டா இருக்கு, அதைக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல.

இப்போ உரம்.

மொட்டை மாடியில ரெண்டு பழைய மண்பானையை வாங்கி அடியில, பக்கத்துல ஓட்டை போட்டு ஆரம்பிச்சேன். வெறும் அடுப்படிக் குப்பையை மட்டும் போட்டா நாத்தம் குடலைப் புடுங்கும். அது ஈரமும் நைட்ரஜனும் நிறைஞ்ச சாமான். அதுக்கு ஈடா உலந்த, கரிச்சத்து உள்ள சாமான் வேணும். புத்தகத்துல முப்பதுக்கு ஒண்ணு விகிதம்னு கார்பன், நைட்ரஜன் கணக்கெல்லாம் போட்டிருப்பாங்க. அடுப்படியில தராசா வச்சிருக்கோம்? ஒரு கை காய்த்தோல் போட்டா, மேல ரெண்டு கை சருகு போட்டு மூடுங்க. நாறுனா இன்னும் சருகு. மக்காம அப்படியே கிடந்தா கொஞ்சம் தண்ணி. அவ்வளவுதான் சூத்திரம்.

சருகுக்கு நமக்கா பஞ்சம்? மாசி பங்குனியில வேம்பு உதுக்குற இலைக்கு அளவே இல்ல. அதைக் கூட்டிக் கொளுத்துறதுதான் எங்க தெருவோட காலைக் கடமை. கொசு போகும்ங்கறது சாக்கு. கொசு போகுதோ இல்லையோ, எதுத்த வீட்டு ஆச்சிக்கு இழுப்பு வந்துருது. நான் இப்போ வேப்பஞ்சருகைச் சாக்குல அமுக்கி வருசத்துக்கும் வச்சுக்கிறேன். அண்ணாச்சி வீட்டுச் சருகையும் கேட்டு வாங்கிட்டேன். "எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கோ தம்பி"ன்னு தாராளமாக் குடுத்தாரு. கூட நாலு தீபாவளிப் புஸ்வாணக் கூடும் வந்துச்சு, பொறுக்கி எடுத்தேன்.

சருகு தீந்துட்டா தென்னை நார்த் தூள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்காரங்க யாரையாச்சும் தெரிஞ்சா கேளுங்க. ஈரத்தை நல்லா இழுத்துக்கும்.

ஊர்ப் பக்குவம்னு சிலது இருக்கு, யூடியூப்ல வராது:

நம்ம வெயில்ல உரப்பானை நாறுறதை விடக் காஞ்சு போறதுதான் பெரிய தொல்லை. பெங்களூர்க்காரன் வீடியோவைப் பாத்து 'தண்ணியே ஊத்தாதீங்க'ன்னு கேட்டுட்டு விட்டேன், சித்திரையில பானைக்குள்ள எல்லாம் அப்பளமாக் கிடந்துச்சு. அரிசி களைஞ்ச தண்ணியைத் தெளிங்க. குடிக்கிற தண்ணிக்கே குடத்தோட நிக்கிற ஊர்ல நல்ல தண்ணியை ஊத்தச் சொல்ல எனக்கு வாய் வரல.

தொடங்கி வைக்க ஒரு கரண்டி புளிச்ச மோர், இல்லன்னா சாணிக் கரைசல். காசு கொடுத்து உறைப்பொடி வாங்கணும்னு இல்ல.

புழு வரும். அலறாதீங்க. சாம்பல் நிறத்துல கொழுக்குமொழுக்குன்னு நெளியுறது கருப்பு ஈ ஒண்ணோட புழு, அது கடிக்காது, குப்பையைத் தின்னு நம்ம வேலையைக் குறைக்கும். எங்க வீட்டம்மா மொத நாள் அதைப் பாத்துட்டு மாடிக்கு வர்றதையே நிறுத்திட்டா. இப்போ அவளே "இன்னிக்கு உங்க பிள்ளைகளுக்குத் தர்பூசணித் தோலு"ன்னு கொண்டு வந்து போடுறா.

எலும்பு, மீன் செதிலு போடாதீங்க. பூனை பானையையே உருட்டிரும். எலுமிச்சைத் தோலு குறைச்சுப் போடுங்க. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்க. தென்னை மட்டை உரமாகும், ஆனா உங்க பேரன் காலத்துல. ஈர்க்கை உருவி விளக்குமாறு பண்ணிட்டு, மட்டையை அடுப்பு வச்சிருக்கிற யாருக்காச்சும் குடுங்க. வாழைமரத்தைத் துண்டு துண்டா நறுக்கிக் காய வச்சுப் போட்டா நல்லா மக்கும். சீமைக் கருவேல முள்ளு மட்டும் வேண்டவே வேண்டாம். உரத்துல கை விட்டு அள்ளுறப்போ தெரியும்.

ரெண்டு மூணு மாசத்துல கருகருன்னு, மழை பெஞ்ச மண்ணு வாசத்தோட உரம் வரும். நம்ம கரிசல் மண்ணு வெயிலுக்கு வெடிச்சுக் கிடக்கும், மழைக்குச் சேறாப் பிடிச்சுக்கும். அதுல இந்த உரத்தைக் கலந்தா மண்ணு பொலபொலன்னு ஆகுது. எங்க வீட்டு முருங்கை இந்த வருசம் காய்ச்ச காய்ப்புல தெருவே சாம்பார் வச்சுச்சு.

பிளாஸ்டிக்குக்கு வர்றேன், இதுல நான் அரை மனசாத்தான் ஜெயிச்சிருக்கேன்.

விருதுநகர் போனா எண்ணெய்ப் பரோட்டா பார்சல் வாங்காம வர முடியுமா? பரோட்டா வாழை இலையில இருக்கும், நல்லது. சால்னா? கண்ணாடி மாதிரி மெல்லிசுப் பையில, நூலால இறுக்கிக் கட்டி, சூடா. அந்தப் பையைத் திறக்கிறதே ஒரு வித்தை. தின்னு முடிச்சதும் எண்ணெய்ப் பசையோட இருக்கிற அந்தப் பையை யாரும் வாங்க மாட்டாங்க. நான் இப்போ தூக்குவாளி கொண்டு போறேன். மொத தடவை நீட்டுனப்போ, கல்லுல நின்ன மாஸ்டர் "என்ன சார், பாலா வாங்க வந்தீக?"ன்னாரு. ஆனா சால்னாவை ஒரு கரண்டி கூட ஊத்துனாரு. தூக்குவாளிக்கு இந்த லாபம் உண்டு.

பால் கவரு, எண்ணெய்க் கவரு எல்லாம் கழுவிக் காய வச்சா எடைக்கு எடுத்துக்குவாங்க. ஒரு சின்ன விசயம்: கவரோட மூலையை முழுசா வெட்டி எறியாதீங்க. லேசா வெட்டி, அந்தத் துணுக்கு கவரோடயே தொங்கட்டும். வெட்டி விழுகுற அந்த நகத்தளவு துண்டை யாரும் பொறுக்க மாட்டாங்க, வாய்க்காலுக்குத்தான் போகும்.

வில்லன் யாருன்னா சேவு பாக்கெட், சிப்ஸ் பாக்கெட், சாசே. சாசேயில சாம்பு வித்துக் காட்டுனதே நம்ம கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன்தான். ஏழைக்கும் சாம்பு கிடைச்சது நல்ல காரியம். ஆனா அந்தக் கவர்ல பிளாஸ்டிக்கு, அலுமினியம், மறுபடி பிளாஸ்டிக்குன்னு அடுக்கடுக்கா ஒட்டியிருக்கும். பிரிக்க முடியாது, எடைக்கும் போகாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் துருவிச் சூடான ஜல்லி மேல பூசித் தார் ரோடு போடலாம்னு கண்டுபிடிச்சாரு. 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்த ரோட்டுக்கு இந்தப் பாக்கெட்டெல்லாம் ஆகும். பி.வி.சி மட்டும் ஆகாது, சூடு பட்டா விஷ வாயு விடும். ரோட்டுக்குப் போகாதது சிமெண்ட் ஆலைக்கு எரிக்கிறதுக்குப் போகுது. எதுக்குப் போனாலும் காஞ்சு, சுத்தமாப் போகணும். அதனால எங்க வீட்ல சேவை இப்போ சாத்தூருக்கு டப்பா கொண்டு போய் எடைக்கு வாங்குறோம். (சேவுக்காகச் சாத்தூர் போறதுக்கு இது ஒரு காரணமும் ஆச்சு.)

மூணாவது வாளி, சின்ன வாளி. மூடி போட்டது. பிள்ளைகளுக்கு எட்டாத எடத்துல.

இதுல பேட்டரி, பியூஸ் போன சி.எப்.எல் பல்பு, டியூப்லைட் (உள்ள பாதரசம் இருக்கு, உடைக்காதீங்க), நாள் கடந்த மாத்திரை, பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்து பாட்டில், ஊசி. இது எல்லா ஊருக்கும். நம்ம ஊருக்கு இன்னொண்ணு சேரும்: வெடிக்காத வெடி.

புஸ்ஸுன்னு போன வெடியைக் கிட்டப் போய்ப் பாக்காதீங்க. கொஞ்ச நேரம் விட்டு, தண்ணியைத் தூரத்துல இருந்து ஊத்துங்க. அப்புறம் வாளித் தண்ணியில அமுக்கி ராத்திரி பூரா ஊற விடுங்க. ஊறுன தண்ணியைக் கிணத்துப் பக்கமோ செடிக்கோ ஊத்தாதீங்க. பிழிஞ்ச சக்கையைத் தனிப் பையில கட்டி, இது பட்டாசுன்னு வாயைத் திறந்து சொல்லிக் குடுங்க. கம்பி மத்தாப்புக் கம்பியைப் பழைய தகர டின்னுல போட்டுத் தண்ணி தெளிங்க, அது ஆறினதும் இரும்புக் கடைக்குப் போகும். வெறுங்கால்ல கம்பி மிதிச்சு அலறாத பிள்ளை நம்ம ஊர்ல உண்டா?

இதைச் செய்யாம எல்லாத்தையும் பையில கட்டிக் குடுத்தா என்ன ஆகும்? வண்டிக்குள்ள போய் அமுங்கும். கிடங்குல போய்ச் சேரும். 2023 மார்ச்சுல கொச்சி பிரம்மபுரத்துல குப்பைக் கிடங்கு பத்தி எரிஞ்சு பத்து நாளுக்கு மேல அணையல. ஊரே புகைக்குள்ள கிடந்துச்சு, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாங்க. அது வெறும் பிளாஸ்டிக்கும் ஈரக் குப்பையும் கலந்த குமி. நம்ம ஊருக் குமியில வெடியும் கிடந்தா?

உடனே எல்லாரும் ஒண்ணு சொல்லுவாங்க, எனக்கும் தெரியும். "நாம பிரிச்சுக் குடுத்து என்ன, வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறான்?"

நெசந்தான். நானே பாத்திருக்கேன். பிரிச்சு ரெண்டு பையாக் குடுத்ததை என் கண்ணு முன்னாடியே ஒண்ணாக் கவுத்துன நாளும் உண்டு. வயிறு எரிஞ்சுச்சு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. ஈரக் குப்பை என் மாடியிலயே முடிஞ்சுருது, வண்டிக்கே போகல. சருகும் அங்கயே. பேப்பர், அட்டை, பாட்டில், தகரம், பால் கவரு எல்லாம் எடைக்கடைக்குப் போயிருது, எங்க தெரு முக்குலயே கடை இருக்கு. வண்டிக்குன்னு மிஞ்சுறது பாக்கெட்டுகளும் டயாப்பரும் அந்த மூணாவது வாளியும்தான். அவங்க கலக்குறதுக்கு நான் அதிகமா ஒண்ணும் குடுக்கல. வண்டியை நம்பிப் பிரிக்கலைங்க, வண்டியைத் தேடுற வேலையைக் குறைக்கத்தான் பிரிக்கிறேன். வீடு சின்னது, மாடி இல்ல, வாடகை வீடுங்கறவங்க ஈரத்தை மட்டுமாவது தனியாக் கட்டிக் குடுங்க. எங்க ஜில்லாவுல பல ஊர்ல நுண் உரக்கூடம் இருக்கு, அங்க போனா உரமாகும்.

அண்ணாச்சி இப்போ சருகை எரிக்கிறதில்ல, எனக்குத்தான் தர்றாரு. மத்ததை எரிக்கத்தான் செய்றாரு. அடுத்த தீபாவளிக்குள்ள பேசிப் பாக்கணும்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. எங்க தெருவுக்குப் பேட்டரி வண்டியில வர்ற அக்காவுக்குக் குடுத்த கையுறை ரெண்டு விரல்ல கிழிஞ்சுருச்சு. அந்தக் கையாலதான் நம்ம பையைப் பிரிச்சுப் பாக்காங்க. நாப்பது வேண்டாம், மூணு கூட உடனே வேண்டாம். உடைஞ்ச கண்ணாடி, பிளேடு, ஊசி இருந்தா பழைய டப்பாவுல போட்டு மூடி, மேல பெருசா 'கண்ணாடி'ன்னு எழுதிக் குடுங்க. டயாப்பர், நாப்கினைப் பேப்பர்ல சுத்தி, மேல சிவப்புப் பேனாவுல ஒரு வட்டம் போடுங்க. இன்னிக்கு ராத்திரிக் குப்பையிலயே ஆரம்பிங்க.